மெர்ல் ஓட்டன் ஏற மறுத்த ஊர்தி

அன்பு மகள் கோராவுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீ கிளாஸ்கோவில் நலமாக இருக்கிறாய் என்பதை, ஞாயிறுதோறும் உன்னோடு பேசிவிட்டுத் தொலைபேசியை வைக்கும் உன் அம்மாவின் முகத்திலிருந்து நானாகவே படித்துக்கொள்கிறேன். அவளுடைய இடது முழங்கால் இப்போது படியேற ஒத்துழைக்கிறது. மார்ச்சில் பெய்த பனி உருகி நிலத்துக்குள் இறங்கியதால் வடக்கு வயலில் கோதுமை கணுக்கால் உயரம் பச்சையாக நிற்கிறது. உன் அறையின் சாளரக் கண்ணாடி காற்றில் விரிசல் விட்டது, புதிதாக மாற்றிவிட்டேன். வியாழன்தோறும் கால்நடைச் சந்தையில் மேடையேறி ஏலம் கூறுகிறேன், தொண்டை இன்னும் என்னைக் கைவிடவில்லை. ஆனால் மகளே, இந்த நலமெல்லாம் உன் அம்மாவே உனக்குச் சொல்லியிருப்பாள். நான் பேனா எடுத்தது அவள் சொல்ல மறுத்த ஒன்றுக்காக. அதை நீயே எழுது, உன் வாயால் கெட்டது உன் கையால்தான் சீராக வேண்டும் என்று அவள் கூறிவிட்டாள்.

பிப்ரவரியில் நம் கட்சி ஆண்டுதோறும் நடத்தும் லிங்கன் நாள் விருந்தில் நான் பேசியதை யாரோ படம்பிடித்து உனக்கு அனுப்பினார்கள் என்பதும், அதன்பின் நீ என்னோடு பேசவில்லை என்பதும் நாம் இருவரும் அறிந்தவை. முந்நூறு பேர் வறுத்த இறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க, மாவட்டக் கட்சித் தலைவன் என்ற முறையில் ஒரு மணி நேரம் முழங்கினேன். அரசு நடத்தும் மருத்துவம் மனிதனை வரிசையில் நிறுத்தும், வரிசையில் நின்றவன் நிமிர மறப்பான், நிமிர மறந்தவன் வாக்கையும் குனிந்தே போடுவான் என்றேன். என் மகளே அயல்நாட்டு அரசு மருத்துவமனையில் செவிலியாக அந்த வரிசைக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னேன். கூடம் சிரித்தது. உன் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள். அன்று நான் பேசிய கொள்கையில் எனக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. நம் பக்கத்துப் பண்ணை ஸ்டெக்கர் நெஞ்சு நோயில் படுத்த ஆண்டு, யாரும் அழைக்காமலே பதினொரு அறுவடைப் பொறிகள் அவன் வயலில் இறங்கி, ஒரே பகலில் முழுக் கோதுமையையும் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்ததை நீயும் பார்த்தவள்தான். கூடையில் சிற்றுண்டி சுமந்து வந்தவர்களில் நீயும் ஒருத்தி. அப்படி ஒரு மண்ணில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்பதே என் வாழ்நாள் கேள்வி. அந்தச் சூட்டோடு ஒரு தீர்மானமும் எழுதினேன். மக்கள் வரிப்பணத்தால் நடக்கும் எந்த மருத்துவப் பணியையும் இம்மாவட்டம் ஏற்காது, நடத்தாது, பொறுக்காது என்று மூன்று வினைகளை அடுக்கி எழுதினேன். நம் மாநில அவையில் ஏழை உழைப்பாளருக்கு அரசு மருத்துவ உதவியை விரிக்கலாமா என்று வாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மாவட்ட மன்றத்தின் மூன்று உறுப்பினர்களும் கைதூக்கி நிறைவேற்றினார்கள். ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறை என்றும் பதிவாயிற்று. நானே எழுந்து நின்று கைதட்டினேன்.

மறுவாரம் மாவட்ட எழுத்தர் ஐவா டோலன் என்னை அலுவலகத்துக்கு அழைத்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் இருப்பவள், நம் கட்சிக்காரிதான், சிரிக்கும்போதும் உதடு அசையாதவள். தீர்மானத்தின் படியை என் முன் வைத்து, "வெர்னன், ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஆம்புலன்ஸ் கொட்டகையைப் பூட்டிடறேன். சாவிய உன்கிட்ட குடுக்கட்டுமா, ஷெரிப்கிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அது எதற்குப் பூட்ட வேண்டும் என்றேன். அவள் என் மூன்று வினைகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். நம் மாவட்டத்து அவசர ஊர்தி, அதன் எரிபொருள், உயிர்க்காற்று உருளை, தொலைபேசி எல்லாம் மாவட்ட வரியில் நடப்பவை. "ஐவா, அது கவர்ன்மெண்ட் இல்ல, அது நம்மளோடது" என்றேன். "நம்மளோடதுதான். வரி ரசீதுலயும் அப்படித்தான் அடிச்சிருக்கு. அங்க கிளாஸ்கோல உள்ளவங்களும் அவங்களோடதுன்னுதான் நினைச்சிட்டிருப்பாங்க" என்று சொல்லி எழுதுகோலை மூடி வைத்தாள். மகளே, நான் மேடைகளில் எத்தனையோ எதிர்ப்பாளர்களை வாயடைக்கவைத்திருக்கிறேன். அன்று தலைத்தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறிய எனக்கு வண்டி எங்கே நிறுத்தியிருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. நம் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நாற்பது மைல். இடையில் கோதுமையும் காற்றும்தான். அந்த ஊர்தி நின்றால் நம் மக்கள் என்ன ஆவார்கள் என்று நீ, செவிலியான நீ, என்னைவிட நன்கு அறிவாய்.

திங்களன்று மன்றம் கூடியது. வழி எளிது என்று நினைத்தேன். அவசர ஊர்தி நீங்கலாக என்று இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் கொள்கையும் நிற்கும், ஊர்தியும் ஓடும். இருவர் உடனே தலையசைத்தார்கள். மூன்றாமவர் மெர்ல் ஓட்டன், மன்றத்தின் தலைவர், அசையவில்லை. உனக்கு நினைவிருக்கும், ஆற்றோரப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், தேவாலயத்தில் பின்வரிசையில் அமர்ந்து பாடாமல் உதட்டை மட்டும் அசைப்பவர். மன்றத்தில் அவர் பேசிய சொற்களையெல்லாம் சேர்த்தாலும் என் ஒரு நாள் ஏலத்துக்கு ஈடாகாது. அவர் சொன்னார்: "ஒரு விலக்கு போட்டா எல்லா விலக்கையும் போடு. ஐவா, எழுதிக்கோ. ஆம்புலன்ஸ் நீங்கலாக. மாவட்டம் கட்டுற எங்க மூணு பேர் மருத்துவக் காப்பீடு நீங்கலாக. நம்ம மாநில உறுப்பினரோட காப்பீடு நீங்கலாக. பட்டாளத்துல இருந்து வந்தவங்க போற ஆஸ்பத்திரி நீங்கலாக. எழுதி முடிச்சப்புறம் கடைசில என்ன மிச்சம் இருக்குன்னு படிச்சுக் காட்டு." ஐவா எழுதினாள். படித்துக் காட்டினாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, கோரா. இந்த விலக்குகள் எதிலும் இடம்பெறாத ஏழைகள். அதாவது பிறருக்குப் போவது மட்டும் அரசு மருத்துவம், நமக்கு வருவது நம்முடைய உரிமை. முடிவு மார்ச்சின் இறுதித் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டம் கலைந்ததும் மெர்ல் ஐவாவின் மேசைக்குப் போய்த் தம் காப்பீட்டை அன்றே நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார். தீர்மானத்துக்குக் கைதூக்கியவன் அது எழுதியபடியே வாழ வேண்டும், முடிவு தெரியும்வரை அந்த ஊர்தியும் தம் வாசலுக்கு வரக்கூடாது என்றார். அன்று மாலையே நம் மாநில உறுப்பினர் என்னை அழைத்து, "வெர்னன், அந்த லிஸ்ட் பேப்பருக்குப் போகாம பாத்துக்கோப்பா" என்றார். விருந்தில் எனக்கு முன் அரைமணி நேரம் அரசு மருத்துவத்தைச் சுட்டெரித்துவிட்டு அமர்ந்தவர் அவர்தான், மாநிலக் காப்பீட்டு அட்டை அவர் பையில் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இருவர் மெர்லின் பண்ணைக்கே போய் எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள் என்று கைகுலுக்க முயன்றார்களாம். "உங்க பக்கம் யாரு வந்தா? எனக்கு அது வேண்டாம்தான். வேண்டாங்கறத நேர்மையா சொல்லணும், அவ்வளவுதான். கேட்டைச் சாத்திட்டுப் போங்க, கன்னுக்குட்டி வெளிய வந்துரும்" என்று அனுப்பிவிட்டார். நான் அவரை எத்தனையோ ஆண்டுகளாக அறிவேன். அன்றுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது.

மார்ச்சு பத்தொன்பது, வியாழன், சந்தை நாள். நான் மேடையில் நின்று விலையை ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழே பட்டியின் இரும்புக் கதவைப் பிடித்திருந்தவர் மெர்ல். தாழ்ப்பாள் சரியாக விழாமல், உள்ளே வந்த ஹெர்போர்டு இனக் காளை ஒன்று திரும்பி அவரைக் கதவோடு சேர்த்துக் கம்பியில் அழுத்தியது. மூன்று நொடிதான் இருக்கும். காளையை விலக்கியபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், ஆனால் முகம் சாம்பல் நிறம். சந்தைச் சிற்றுண்டிக் கடையை நடத்தும் லவோன் பிராண்டை நீ அறிவாய், நீ விரும்பும் ஆப்பிள் அடையைச் சுடுபவள். ஒலிபெருக்கியில் நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் மாவுக் கையோடு ஓடி, பின்வாசலில் அவசர ஊர்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அவள்தான் அதன் ஓட்டுநர், ஊதியம் பெறாதவள். உரக்கடைக்காரர் அவளுக்கு உதவியாள். "ஏறுங்க" என்றாள். "மாட்டேன். நான் கைதூக்கி நிறுத்தின வண்டி" என்றார் மெர்ல். "இன்னும் நிக்கல. ஒண்ணாந்தேதிதான் நிக்கும்." "எனக்கு அன்னிக்கே நின்னு போச்சு." "மெர்ல் ஓட்டன், உங்க தலைக்குள்ள இருக்கறது மூளையா, தவிடா?" "தவிடுதான் லவோன். வெர்னன், உன் பிக்கப்ப எடு." நான் கெஞ்சினேன், கோரா. ஊரையே பேச்சால் கட்டிப்போடும் நான், வலியில் வியர்த்து நிற்கும் ஒரு மனிதரிடம் என் தீர்மானத்தை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். லவோன் அவருக்குப் பின்னாலேயே வந்து, "ரோடும் வரிப்பணத்துல போட்டதுதான். அதுல மட்டும் போவீங்களாக்கும்?" என்றாள். "வயல் வழியா போனா ரொம்பக் குலுங்கும்" என்றார் அவர். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சரி, நீங்க போங்க. நான் ஆம்புலன்ஸா வரல. பெட்ரோல் போட அந்தப் பக்கம் போறேன். யாரும் தடுக்க முடியாது" என்று ஊர்தியில் ஏறி அமர்ந்தாள்.

அப்படித்தான் புறப்பட்டோம். முன்னால் என் பழைய வண்டி, பின்னால் ஒலியில்லாமல், விளக்கை மட்டும் சுழற்றிக்கொண்டு அவசர ஊர்தி. நான் விரைந்தால் அதுவும் விரைந்தது, நான் தணிந்தால் அதுவும் தணிந்தது, ஒரே இடைவெளி. மைல் மைலாக அந்தச் சிவப்பு என் கண்ணாடியில் இருந்தது. வாய் சும்மா இராமல் நான் பேசிக்கொண்டே வந்தேன், விலாவைப் பற்றி, மருத்துவரைப் பற்றி, காளையைப் பற்றி. "வெர்னன், கொஞ்சம் பேசாம ஓட்டுப்பா. நீ பேசினா எனக்கு விலா வலிக்குது" என்றார். பிறகு அவரே கேட்டார்: "உன் பொண்ணு கோரா, அங்க ஆஸ்பத்திரிக்கு அடிபட்டு வர்றவன்கிட்ட முதல்ல என்ன கேப்பா?" எனக்குத் தெரியாது என்றேன். "நம்ம ஊர்ல முதல்ல காப்பீட்டு அட்டையக் கேக்கறாங்க. அங்க என்ன கேப்பாங்க?" தெரியாது மெர்ல் என்றேன். "நீ அவகிட்ட கேட்டதில்லையா?" இல்லை என்றேன். அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளப் பத்தி முந்நூறு பேருக்கு முன்னாடி பேசின. அவளை ஒரு கேள்வி கேக்கல." அதில் குத்தலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வானிலை சொல்வதுபோல்தான் சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பியபோது அவர் தலை கண்ணாடிமேல் சாய்ந்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தேன். மூச்சு இருந்தது, விடை இல்லை. இருபத்தைந்தாவது மைல், வெள்ளைத் தானியக் களஞ்சியங்கள் மூன்று நிற்கும் இடம். அவருடைய கொள்கை அவருடையது, அதை மீற எனக்கு என்ன உரிமை என்று ஒரு நொடி தயங்கினேன். மறுநொடி வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, கையை வானுக்கு உயர்த்தினேன். தீர்மானம் நிறைவேறிய நாளில் கைதட்டிய அதே கை. லவோன் எனக்கு முன்பே இறங்கியிருந்தாள். படுக்கையை உருட்டி வந்தார்கள், உயிர்க்காற்று முகத்தில் ஏறியது, கையில் ஊசி ஏறியது, ஊர்தியின் ஒலி இப்போதுதான் முதன்முறை எழுந்தது. அதுவரை லவோனிடம் நான் கேட்டதெல்லாம் காப்பி மட்டும்தான் என்பதை அந்தச் சாலையோரத்தில் நின்று எண்ணிப்பார்த்தேன்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை முடித்து வெளியே வந்த மருத்துவர், இன்னும் பதினைந்து மைல் என் வண்டியிலேயே வந்திருந்தால் தமக்கு வேலை இருந்திராது என்றார். மறுநாள் மெர்ல் கண்விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு என்னை அந்த வண்டில ஏத்தினது?" என்பதுதான். நான்தான் என்றேன். "வேண்டாம்னு சொன்னேனே." "சொன்னீங்க. நான் கேக்கல. அடுத்த கட்சித் தேர்தல்ல எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுக்கோங்க." "போடுவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். காப்பீட்டை விட்டவர் அல்லவா, மருத்துவமனைக்கு எப்படி ஈடுகட்டுவார் என்று நீ கேட்பாய். சந்தையில் அவருக்காக ஏலம் ஒன்று நடத்தினோம். லவோன் சுட்ட ஒரே அடையை வாங்கியவர் திருப்பித் தர, மறுபடி ஏலம் விட, மறுபடி திருப்பித் தர, கடைசியில் அதன் ஓரம் உதிரும்வரை விற்றேன். எஞ்சியதற்கு இரண்டு கன்றுகளை விற்கிறாராம், அதை அவரே சொன்னார், வருந்தாமல் சொன்னார். நான் அன்று பேசிய நம் மக்களின் பெருந்தன்மை பொய்யில்லை, மகளே. அது மட்டுமே போதும் என்று பேசியதுதான் பொய். அடையை எத்தனை முறை விற்றாலும் அது அவரை நாற்பது மைல் சுமந்து போயிருக்காது.

இறுதித் திங்களன்று கூடம் நிரம்பி வழிந்தது. மெர்லைச் சமையலறை நாற்காலியில் வைத்து நால்வர் தூக்கிவந்தார்கள். நான் எழுந்தேன். ஒரு பெரும்பேச்சுக்குக் கூட்டம் ஆயத்தமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். பிறரை ஒரு கோலாலும் நம்மை வேறொரு கோலாலும் அளந்தேன். திரும்பப் பெறுகிறேன்." அமர்ந்துவிட்டேன். ஐவா நிமிர்ந்து பார்த்து, "அவ்வளவுதானா? நான் மூணு தாள் எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். மெர்ல் அமர்ந்தபடியே இரண்டு முன்மொழிந்தார். மன்ற உறுப்பினர் மூவரின் காப்பீட்டை விட்டுவிட்டு, அதே இடத்தை ஊர்தி ஓட்டும் லவோனுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் தருவது. மாநிலத் தலைநகருக்கு மடல் ஒன்று அனுப்புவது, அதில் ஒளிக்காமல் இரண்டையும் எழுதுவது: உங்கள் புதிய திட்டத்தை நாங்கள் விரும்பவில்லை, எங்கள் வரியில் எங்கள் ஊர்தியை நாங்கள் நடத்துகிறோம். பழைய தீர்மானம் நீக்கப்பட்டது, ஒருவர் எதிர்த்தும் இவை இரண்டும் நிறைவேறின. மாநில உறுப்பினர் அன்று வேறு ஊரில் வேலை என்று வரவில்லை. மடலை எழுதும் பொறுப்பு எனக்கு. அரைப்பக்கம்தான் வந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சிறியதாக எதையும் எழுதியதில்லை, இவ்வளவு நேரம் எடுத்தும் எழுதியதில்லை.

நான் கட்சி மாறவில்லை, கோரா. அதை எதிர்பார்த்து நீ ஏமாற வேண்டாம். தொலைவில் இருக்கும் அரசு அருகில் இருக்கும் மனிதனை அறியாது என்றே இன்றும் கருதுகிறேன், நீ வரும்போது சாப்பாட்டு மேசையில் அதற்காக உன்னோடு வாதாடவும் செய்வேன். ஆனால் முந்நூறு பேர் முன் உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்த பிப்ரவரியில் அதே மேடையில் அதே முந்நூறு பேர் முன்னும் திரும்பப் பெறுவேன். நீ சீட்டுக் கிழிப்பவள் இல்லை. அந்தக் களஞ்சியங்களின் அருகே லவோன் செய்ததை ஒவ்வொரு நாளும் செய்பவள். அதை நான் அறிய ஒரு காளை தேவைப்பட்டது என்பது எனக்கு வெட்கம்.

அங்கே ஓயாத மழை என்று அம்மா சொன்னாள், பணி முடிந்து நனைந்த காலுறையோடு தூங்கிவிடாதே. காலையில் ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. உன் கைகள் தொடும் ஒவ்வொருவரும் நலம்பெறட்டும், உன் கைகளும் நலமாக இருக்கட்டும், நீண்டு வாழ்க, நிமிர்ந்து வாழ்க. மெர்ல் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறேன்: அடிபட்டு வருபவரிடம் நீ முதலில் என்ன கேட்பாய்? எழுது, அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், நானும் தெரிந்துகொள்ள வேண்டும். பேசவும் மனமிருந்தால் எந்த நாளும் அழை, செவ்வாய் மட்டும் வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் லவோனுக்கு ஓய்வு, அன்று அவசர ஊர்தியை ஓட்டுவது நான். முதல் வாரம் கொட்டகைக் கதவில் இடித்துவிட்டேன் என்பதை அம்மா உனக்குச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் அன்பில் வாழும்
அப்பா,
வெர்னன் கெஸ்லர்